ஹால் டிக்கெட்டில் ஒட்டிய குங்குமம்

பூந்தோட்டத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிச் சற்று நடந்தால் கூத்தனூர். சரஸ்வதி மூலவராக அமர்ந்திருக்கும் தனிக்கோயில் தமிழ்நாட்டில் அரிது. திருவாரூர் மாவட்டத்து இந்தச் சிற்றூருக்கு அந்தப் பெருமை வாய்த்திருக்கிறது. ஒட்டக்கூத்தருக்குச் சோழ மன்னன் கொடையாகக் கொடுத்த ஊர், அதனால்தான் கூத்தனூர் என்பார்கள். விஜயதசமியன்று குழந்தையை மடியில் உட்காரவைத்து எழுத்தறிவிக்கிற கூட்டத்தை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். செமஸ்டர் தேர்வுக்கு முன்பு வருகிற கூட்டத்தை யாரும் படம் பிடிப்பதில்லை. அது கல்லூரிப் பிள்ளைகளின் கூட்டம். அர்ச்சனைத் தட்டில் தேங்காய், பழம், வெற்றிலையோடு நீலமைப் பேனாக்களும் ஹால் டிக்கெட்டும் இருந்தால் தேர்வு நெருங்கிவிட்டது என்று காலண்டர் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

அப்படி ஒரு காலையில் எனக்கு முன்னால் நின்றது ஒரு பொறியியல் மாணவி. மூன்றாம் ஆண்டு. தட்டு திரும்பி வந்தபோது ஹால் டிக்கெட்டில் அவளுடைய போட்டோவின் மேலேயே குங்குமம் அப்பியிருந்தது. துப்பட்டா நுனியால் மெல்ல ஒற்றி எடுத்தாள். முழுவதும் போகவில்லை. “ஹால்ல ஏதாச்சும் சொல்லுவாங்களா சார்?” என்று என்னிடம் கேட்டாள். சொல்ல மாட்டார்கள் என்றேன். எத்தனை பேப்பர், படித்தாயிற்றா என்று பேச்சு வளர்ந்தது.

“படிச்சிருக்கேன் சார். ஒரு அரியர் இருக்கு. அம்மா சமயபுரத்துல மொட்டை போடறதா வேண்டிக்கிட்டிருக்காங்க. அதான் பயமா இருக்கு.”

தேர்வை நினைத்துப் பயப்படுகிறாள் என்று முதலில் எடுத்துக்கொண்டேன். பஸ் ஏறிய பிறகுதான் அந்த ‘அதான்’ உறைத்தது. அவளுடைய பயம் கேள்வித்தாளைப் பற்றியது இல்லை. தனக்காக அம்மா செய்துகொண்ட வேண்டுதலைப் பற்றியது. தோற்றால் அம்மாவின் சாமியையும் சேர்த்துத் தோற்கடித்ததாக ஆகிவிடுமே என்ற பயம். சரஸ்வதியின் காலடியில் பேனாவை வைத்து எடுத்தபோது அவள் முகத்தில் நிம்மதி தெரிந்தது. சமயபுரத்தைச் சொன்னபோது அது காணாமல் போயிற்று. ஒரே பெண், ஒரே நம்பிக்கை, ஒரே கால் மணி நேரம்.

ஆன்மிகம் படிப்புக்குக் கைகொடுக்குமா என்ற கேள்வியை அன்றிலிருந்து சுமந்துகொண்டிருக்கிறேன். கைகொடுக்கும், கொடுக்காது என்று ஒற்றை வரியில் முடிப்பவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். எனக்கு அது அவ்வளவு சுலபமாகப் படவில்லை.

கூத்தனூரிலிருந்து கும்பகோணம் ஒன்றும் தொலைவில்லை. அங்கே சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்த ஒரு மாணவரின் கதையை விட்டுவிட்டு இந்தக் கேள்வியைப் பேசவே முடியாது. சீனிவாச ராமானுஜன் 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர எதிலும் மனம் ஒட்டாமல், ஆங்கிலத்தில் தவறி உதவித்தொகையை இழந்தார். 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கும், பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. மறுபடியும் எழுதினார், மறுபடியும் தோல்வி. கணக்கில் மற்றவர் மூன்று மணி நேரத்தில் முடிப்பதை அவர் பாதி நேரத்தில் முடிப்பார். உடலியங்கியல் பாடமோ அவருக்கு வேம்பாய்க் கசந்தது.

அவருடைய குடும்பத்துக்கு நாமக்கல் நாமகிரித் தாயார் குலதெய்வம். சூத்திரங்களைத் தாயார்தான் கனவில் தருகிறாள் என்று அவரே நம்பினார், நண்பர்களிடம் சொல்லவும் செய்தார். பக்தி நேரடியாக மதிப்பெண்ணாக மாறும் என்றால் எஃப்.ஏ.வில் முதல் ஆளாகத் தேறியிருக்க வேண்டியவர் ராமானுஜன். தேறவில்லை. பட்டமில்லாமல், வேலையில்லாமல், நோட்டும் சிலேட்டுமாகப் பல ஆண்டுகள் அலைந்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. 1913இல் கேம்பிரிட்ஜின் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம். 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர். அவரைக் கண்டெடுத்த ஹார்டியோ கடவுள் நம்பிக்கை அறவே இல்லாதவர். கணக்கு இருவரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்தது.

ராமானுஜனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். இரண்டு முறை தோற்ற பையன் நோட்டுப் புத்தகத்தை மூடாமல் இருந்தானே, அந்த இடத்தில்தான் நாமகிரி இருந்தாள். தேர்வுக் கூடத்தில் அவள் எதுவும் செய்யவில்லை. தோற்ற பிறகு வந்த ஆண்டுகளில் செய்தாள். இதை யாரும் நிரூபிக்க முடியாது. ஆனாலும் மாணவரின் ஆன்மிகத்துக்கும் படிப்புக்கும் உள்ள உறவைப் பற்றி இந்தக் கதைக்கு மேல் தெளிவாகச் சொல்லும் கதை எனக்குக் கிடைக்கவில்லை.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன? இந்தத் துறையில் மிகப் பெரிய முயற்சி, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் அலெக்சாண்டர் ஆஸ்டின், ஹெலன் ஆஸ்டின், ஜெனிபர் லிண்ட்ஹோம் மூவரும் நடத்தியது. 2004இல் 236 கல்லூரிகளில் புதிதாகச் சேர்ந்த 1,12,232 மாணவர்களிடம் கேள்விகள் கேட்டார்கள். 2007இல் அவர்களில் 14,527 பேரைத் தேடிப் பிடித்து மீண்டும் கேட்டார்கள். 2011இல் ‘கல்டிவேட்டிங் தி ஸ்பிரிட்’ என்று புத்தகமாக வந்தது.

மத ஈடுபாட்டையும் ஆன்மிகத்தையும் அவர்கள் தனித்தனியே அளந்தது எனக்குப் பிடித்தது. கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போவது, வேதம் படிப்பது ஒரு பக்கம். துன்பம் வந்தால் நிலைகுலையாமல் இருப்பது, நான் யார், எதற்காக வாழ்கிறேன் என்று தேடுவது, பிறர் துயரில் பங்கெடுப்பது இன்னொரு பக்கம். கல்லூரி ஆண்டுகளில் வழிபாட்டுக்குப் போவது குறைந்தது. தேடல் கூடியது. படிப்புக்கு அதிகம் கைகொடுத்தது நிலைகுலையாமை என்ற அந்தக் குணம். அது வளர்ந்த மாணவர்களுக்கு மதிப்பெண்ணும் கூடியது, கல்லூரி வாழ்க்கையில் நிறைவும் கூடியது. தியானமும், தன்னைத் தானே எண்ணிப் பார்ப்பதும், சமூக சேவையும் அதை வளர்ப்பதாக அவர்கள் கண்டார்கள். இன்பத்தில் துள்ளாமல் துன்பத்தில் துவளாமல் இருக்கச் சொல்லி நம் பாட்டிமார் எல்லோரும் சொன்னதுதான்.

அண்மையில் வந்த இன்னொரு புத்தகம், இலானா ஹார்விட்ஸ் எழுதிய ‘காட், கிரேட்ஸ் அண்ட் கிராஜுவேஷன்’ (2022). அமெரிக்காவில் 3,290 பதின்பருவத்தினரைப் பத்தாண்டுக் காலம் பின்தொடர்ந்த ஆய்வின் தரவுகளை வைத்து எழுதப்பட்டது. கடவுளை வாழ்க்கையின் நடுவில் வைத்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் நல்ல கிரேடு கிடைத்தது. ஏழைத் தொழிலாளர் வீட்டுப் பையன்களுக்கு அதனால் கிடைத்த பலன் கூடுதல். அவர்களில் பட்டம் வரை போனவர்கள் அதிகம். ஏன்? சர்ச்சில் அவர்களை நாலு பெரியவர்களுக்குத் தெரியும். தப்பான பாதையில் கால் வைத்தால் தோளைப் பிடித்து நிறுத்த ஒருவர் இருந்தார். அத்தோடு, சொன்னதைக் கேட்டு நேரத்துக்கு வேலையை முடிக்கும் பழக்கத்தைப் பள்ளிக்கூடம் மதிப்பெண் போட்டு மெச்சுகிறது.

அதே புத்தகம் இரண்டு செய்திகளை மறைக்காமல் சொல்கிறது. ஒன்று, உறுதியான நாத்திக மாணவர்களும் அதே அளவுக்கு நன்றாகப் படித்தார்கள். இரண்டு, வசதியான வீட்டுப் பக்தி மிக்க பெண் பிள்ளைகளில் பலர், தங்கள் மதிப்பெண்ணுக்குக் கிடைத்திருக்கக்கூடிய பெரிய கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கவே இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் போதும், நல்ல தாயாக இருந்தால் போதும் என்று நின்றுவிட்டார்கள். இதைப் படித்தபோது நம் ஊர்ப் பெண்கள் எத்தனையோ பேர் என் கண்ணுக்குள் வந்தார்கள். நல்ல கட்ஆஃப் எடுத்தும் “பொண்ணு ஹாஸ்டல்ல வேணாம், பக்கத்து காலேஜே போதும்” என்று நிறுத்தப்பட்டவர்கள். அவர்களை நிறுத்தியதற்குச் சாமியைச் சாட்சிக்கு இழுக்காத வீடு குறைவு.

இந்த ஆய்வுகளைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்குத் தெரியும். விடிகாலையில் குளித்துத் திருநீறு இட்டுக்கொள்ளும் பையன் நன்றாகப் படிக்கிறான் என்றால், திருநீறு அவனைப் படிக்க வைத்ததா, விடிகாலையில் எழும் வளர்ப்பு இரண்டையும் கொடுத்ததா? இன்னொரு பக்கம், பயந்த பிள்ளைதான் அதிகம் கும்பிடும். பயந்தவர்களில் பலருக்கு மதிப்பெண் குறையும். அதை வைத்துக் கும்பிட்டதால் குறைந்தது என்று ஒருவர் முடிவு கட்டினால் எப்படி இருக்கும்?

ஆகவே சாமி மதிப்பெண் தருமா என்று கேட்பதை விட்டுவிட்டு, நம்பிக்கை ஒரு மாணவனின் ஒரு நாளை என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் சரி. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவன் என் ஹாஸ்டல் அறைத்தோழன்.

அவன் முஸ்லிம். ஐந்து வேளை தொழுபவன். இரண்டாம் ஆண்டில் எனக்குக் கணக்கில் அரியர் விழுந்தது. 40 வேண்டிய இடத்தில் 31. இரவு ஒரு மணி வரை விழித்திருப்பதும் காலை எட்டு மணிக்குக் கண் எரிச்சலோடு எழுவதுமாக இருந்த காலம். அடுத்த தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவன் ஒரு ஏற்பாடு செய்தான். விடியலுக்கு முந்தைய பஜ்ர் தொழுகைக்கு எழும்போது என் கட்டிலையும் ஒரு உதை உதைப்பான். “எந்திரிடா மாப்ள.” குழாயில் முகம், கை, கால் கழுவி அவன் தொழுகை விரிப்பை விரிப்பான். நான் மேஜை விளக்கைப் போட்டு லாப்லாஸ் கணக்குகளை எடுப்பேன். அவன் நெற்றி தரையில் படும் சத்தம்கூடக் கேட்காத அமைதி. அவன் முடித்ததும் வாட்ச்மேன் ஃபிளாஸ்கில் கொண்டுவரும் டீ. ஏழு மணிக்குள் எனக்கு நாலு கணக்கு முடிந்திருக்கும்.

எழுபத்திரண்டு மதிப்பெண்ணோடு பேப்பர் கிளியர் ஆனது. தொழுதது அவன், தேறியது நான். அவனுடைய நம்பிக்கை எனக்குக் கொடுத்தது ஒரு நேரம். ஒரு நாளுக்கு எங்கே தொடக்கம் என்பதைத் தேர்வு வந்தாலும் வராவிட்டாலும் மாற்றாத ஒரு நேரம். செமஸ்டர் முறையில் படிக்கும் பிள்ளைகளுக்கு இல்லாமல் போயிருப்பது இதுதான். இன்டர்னல், ரெக்கார்டு, பிராஜெக்ட், பிளேஸ்மென்ட் டிரெயினிங் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்துக்கு இழுக்கிறது. இடையில் போன். தொழுகையோ சந்தியாவந்தனமோ காலை ஜெபமோ உள்ள பிள்ளைக்கு நாளில் அடித்த ஆணி போல ஒன்றிரண்டு இடம் இருக்கிறது. மற்றதை அதில் மாட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது, தேர்வுக் கூடத்தின் முதல் ஐந்து நிமிடம். கேள்வித்தாள் கைக்கு வந்ததும் படித்ததெல்லாம் மறந்தது போலிருக்கும் அந்த நேரம் எல்லோருக்கும் தெரியும். ஒரு கணக்கைப் போடும்போது இடையில் வரும் விடைகளை மனம் ஒரு சின்ன இடத்தில் பிடித்து வைத்திருக்கும். செயல்நினைவு என்பார்கள். இடம் சிறியது. ‘ஃபெயிலானால் அப்பா என்ன சொல்வார்’ என்ற எண்ணம் அதில் ஏறி உட்கார்ந்துவிட்டால் கணக்குக்கு இடமில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜெரார்டோ ராமிரஸும் சயன் பெய்லாக்கும் 2011இல் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு எளிய சோதனையை வெளியிட்டார்கள். தேர்வுக்குச் சற்று முன் 10 நிமிடம், தேர்வைப் பற்றிய தங்கள் பயத்தை மாணவர்கள் காகிதத்தில் எழுத வேண்டும். அவ்வளவுதான். வழக்கமாகப் பதறும் மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்தது. பயத்தை வெளியே இறக்கி வைத்ததும் உள்ளே இடம் கிடைத்தது.

கூத்தனூர் பெண் பேனாவைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடி முணுமுணுத்ததும், வேளாங்கண்ணியில் மெழுகுத்திரி ஏற்றிவிட்டு மாதாவிடம் எல்லாவற்றையும் கொட்டுவதும், நாகூர் தர்காவில் மூலையில் உட்கார்ந்து துஆ கேட்பதும் இதே வேலையைச் செய்கின்றன என்பது என் எண்ணம். பாரத்தை ஒரு இடத்தில் வைத்துவிட்டுக் கைவீசித் திரும்புவது. விடைத்தாளில் குறியீடு எதுவும் போடக்கூடாது என்பது விதி என்பதால், மேஜையின் மரத்தில் விரலாலேயே ஒரு பிள்ளையார் சுழி போட்டுவிட்டு எழுதத் தொடங்குகிறவர்கள் எத்தனை பேர்! மை படாத அந்தச் சுழிக்கு ஒரு மூச்சு நேரம் ஆகும். அந்த ஒரு மூச்சுதான் தேவை.

தியானத்தைப் பற்றி ஆய்வுகள் இன்னும் நேரடியாகப் பேசுகின்றன. கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் 48 இளங்கலை மாணவர்களை வைத்து மைக்கேல் ம்ராஸெக் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரம் மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி எடுத்தவர்களுக்கு மனம் அலைவது குறைந்தது, ஜி.ஆர்.இ. தேர்வின் வாசிப்புப் பகுதியில் மதிப்பெண் கூடியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 616 மாணவர்களை இரு பிரிவாகப் பிரித்து ஒரு பிரிவுக்கு எட்டு வாரப் பயிற்சி கொடுத்தார்கள். தேர்வுக் காலத்தில், பயிற்சி இல்லாத பிரிவில் 57 சதவீதத்தினரின் மனஉளைச்சல் மருத்துவக் கவனம் தேவைப்படும் அளவைத் தாண்டியிருந்தது. பயிற்சி எடுத்தவர்களில் 37 சதவீதம். இருபது சதவீதப் புள்ளி வித்தியாசம் சாதாரணமானதில்லை. ஆனால் பிரிட்டனில் 8,000க்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பறையில் இதையே பாடமாக நடத்திப் பார்த்தபோது, வழக்கமான வகுப்புகளைவிடக் கூடுதலாக எந்தப் பலனும் இல்லை என்று 2022இல் தெரிந்தது. கேம்பிரிட்ஜ் மாணவர்கள் தாங்களாக விரும்பி வந்தவர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது டைம்டேபிளில் வந்த இன்னொரு பீரியட்.

நம் கல்லூரி நிர்வாகங்கள் இதைக் கவனிக்க வேண்டும். வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலையைக் கொங்குப் பகுதியில் பல கல்லூரிகள் பாடமாகவே வைத்திருக்கின்றன. பாரதியார் பல்கலைக்கழகத்தின் வழியாகப் பட்டயமும் உண்டு. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் வீட்டில் பிறந்து தன் சொந்த அனுபவத்திலிருந்து எளிய பயிற்சிகளை வகுத்தவர் அவர். விரும்பிக் கற்றுக்கொண்டவர்கள் பலனைச் சொல்கிறார்கள். வருகைப் பதிவுக்காகக் கண்ணை மூடி உட்கார்ந்த பிள்ளையிடம் கேளுங்கள், மணி எப்போது அடிக்கும் என்று எண்ணிக்கொண்டிருந்ததைச் சொல்லும். கட்டாயத் தியானத்துக்கு மதிப்பெண் போடுவதை நிறுத்தினாலே பாதிப் பலன் தானாக வரும்.

ராசி பேனாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதிர்ஷ்டப் பொருள் கையில் இருந்தால் வேலை நன்றாக நடக்கிறது என்று 2010இல் ஜெர்மனியில் ஒரு ஆய்வு பரபரப்பாக வந்தது. கோல்ஃப் பந்தை ‘ராசியான பந்து’ என்று சொல்லிக் கொடுத்தால் குழியில் அதிகம் விழுந்ததாம். 2014இல் அமெரிக்காவில் அதிகம் பேரை வைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்தார்கள். எந்த வித்தியாசமும் வரவில்லை. ராசி பேனா இருக்கட்டும், மை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படிப்புக்கு மிகவும் நெருக்கமான ஆன்மிகப் பழக்கம் ஒன்று நம் ஊரிலேயே நூறாண்டுக்கும் மேலாக இருக்கிறது. இயேசு சபையின் நிறுவனர் இக்னேஷியஸ் லயோலா வகுத்த தினசரி ஆன்ம சோதனை. இரவு படுக்கும் முன் அன்றைய நாளைக் காலையிலிருந்து திருப்பி ஓட்டிப் பார்ப்பது. எதற்கு நன்றி சொல்ல வேண்டும், எங்கே தவறினேன், நாளை எதை மாற்றுவேன். 1925இல் தொடங்கிய சென்னை லயோலாவிலும் திருச்சி தூய வளனார் கல்லூரியிலும் இந்த மரபு தலைமுறைகளாகத் தொடர்கிறது. கிறிஸ்தவர் அல்லாத ஒரு மாணவரும் இதைச் செய்யலாம். ‘இன்று படித்ததில் எது புரியவில்லை’ என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டால், அதைவிடச் சிறந்த படிப்பு முறை எந்தக் கோச்சிங் சென்டரிலும் இல்லை.

தவறைப் பார்ப்பது என்றதும் இன்னொரு ஆய்வு நினைவுக்கு வருகிறது. டொரன்டோவில் மைக்கேல் இன்ஸ்லிக்ட் 2009இல் செய்தது. ‘சிவப்பு’ என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதிக் காட்டி, மையின் நிறத்தைச் சொல்லச் சொல்வார்கள். தவறு செய்யும்போது மூளையில் எழும் எச்சரிக்கை அலை, ஆழ்ந்த நம்பிக்கை உள்ளவர்களிடம் குறைவாக இருந்தது. அவர்கள் தவறும் குறைவாகவே செய்தார்கள். தவறு நடந்ததும் பதறாமல் அடுத்ததற்குப் போக முடிவது பெரிய வரம். அதே அமைதி, தவறைத் திரும்பிப் பார்க்காத சோம்பலாக மாறவும் வழி உண்டு. ‘எல்லாம் அவன் செயல்’ என்று சொல்லி விடைத்தாள் நகலைக்கூட வாங்கிப் பார்க்காத மாணவர்களை நான் அறிவேன்.

கடவுளை ஏற்காத மாணவர்களுக்கு இதில் இடம் இல்லையா? தாராளமாக இருக்கிறது. பகுத்தறிவு இயக்கம் நடத்திய ஊர்ப் படிப்பகத்தில் மாலைதோறும் பத்திரிகை படித்து, வாதாடி, அண்ணன்மாரிடம் சந்தேகம் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை தமிழ்நாட்டுக்கு உண்டு. முதல் தலைமுறைப் பட்டதாரிகளில் எத்தனையோ பேரை அந்தப் படிப்பகங்கள் தூக்கி நிறுத்தின. தஞ்சை வல்லத்தில் 1988இல் பெண்களுக்கென்றே பொறியியல் கல்லூரி தொடங்கியவர்கள் பெரியாரின் வழிவந்தவர்கள். ஹார்விட்ஸ் அமெரிக்க சர்ச்சில் கண்ட அந்த நாலு பெரியவர்களை இங்கே மசூதியிலும் மன்றத்திலும் மடத்திலும் பார்க்கலாம். உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்கிறது என்பதுதான் அங்கெல்லாம் கிடைப்பது.

இப்போது கசப்பானதைப் பேச வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022ஆம் ஆண்டு இந்தியாவில் உயிரை மாய்த்துக்கொண்ட மாணவர்கள் 13,044 பேர். தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று ஒரு பிள்ளை வந்து சொன்னால் நம் வீடுகளிலும் கல்லூரிகளிலும் முதலில் கிடைக்கும் பதில், “சாமி கும்பிடு, எல்லாம் சரியாயிடும்.” சொல்பவர் அன்பாகத்தான் சொல்கிறார். கேட்கும் பிள்ளைக்கோ, கும்பிட்டும் சரியாகவில்லை என்றால் தவறு தன் பக்திமேல் என்று ஆகிவிடுகிறது. நோய்க்கு மேல் குற்ற உணர்ச்சியும் சேர்கிறது. மனச்சோர்வு ஒரு நோய். அதற்கு மருத்துவர் இருக்கிறார். காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தானே மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்கிறோம்? இதற்கும் அதே வரிசை போதும்.

ரிசல்ட் நாளுக்கு வருகிறேன். நம்பிக்கையின் உண்மையான பரீட்சை அன்றுதான். 1958இல் டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போன அப்துல் கலாம், 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். எடுத்தது எட்டுப் பேரை. பறக்க வேண்டும் என்ற கனவு ஒரு இடத்தில் தவறிப்போனது. அங்கிருந்து ரிஷிகேஷுக்குப் போய் கங்கையில் குளித்து, சுவாமி சிவானந்தரைச் சந்தித்ததை அவர் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். ராமேஸ்வரத்து முஸ்லிம் இளைஞர் ஒரு துறவியின் முன் தன் துயரத்தைச் சொன்னார், அவர் கேட்டார். பிறகு கலாம் டெல்லிக்குப் போய் வேறு வேலையில் சேர்ந்தார். தோற்ற ஒரு பிள்ளைக்கு உடனே போய் உட்கார ஓர் இடமும், சொன்னால் கேட்க ஓர் ஆளும் வேண்டியிருக்கிறது. மதிப்பெண்ணை ஆன்மிகம் எவ்வளவு உயர்த்தும் என்பதைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

நம் கல்லூரிகளில் அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது? ஜிம் இருக்கிறது, கேன்டீன் இருக்கிறது, பிளேஸ்மென்ட் செல் இருக்கிறது. எந்த மதத்துக்கும் சொந்தமில்லாத, பேசாமல் அரை மணி நேரம் உட்காரக்கூடிய ஓர் அறை பெரும்பாலான வளாகங்களில் இல்லை. மாணவர் ஆலோசகர் என்று பெயர்ப்பலகை மாட்டிய கதவுகள் பூட்டியே கிடக்கின்றன. வகுப்பு ஆலோசகர் என்பவர் வருகைக் குறைவுக்குக் கையெழுத்து வாங்கும் ஆளாகிவிட்டார். “நீ எதற்காகப் படிக்கிறாய்?” என்று நாலு வருடத்தில் ஒரு ஆசிரியராவது ஒரு மாணவனிடம் உட்கார்ந்து கேட்டால், ஆஸ்டின் குழுவினர் ஒரு லட்சம் பேரிடம் கேட்ட கேள்வியை நாமும் கேட்டதாகும்.

பெற்றோரிடம் கேட்க எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. வேண்டுதல் வையுங்கள். மொட்டை, பால்குடம், வேளாங்கண்ணிக்கு நடை, நாகூருக்குச் சந்தனம், எதுவானாலும் அது உங்களுக்கும் உங்கள் சாமிக்கும் நடுவில் இருக்கட்டும். பிள்ளையின் காதில் போடாதீர்கள். ரிசல்ட் எப்படி வந்தாலும் நேர்ந்ததை நேர்ந்தபடி செலுத்திவிடுங்கள். அரியர் விழுந்த பிள்ளையின் அம்மாவும் சமயபுரத்தில் முடி இறக்கலாம், மாரியம்மன் மார்க்‌ஷீட் கேட்பதில்லை. ரிசல்ட் வரும் நாளில் அப்பா, அம்மா இருவரில் ஒருவராவது லீவு போட்டு வீட்டில் இருங்கள். பிள்ளை பேசாமல் சுருண்டு கிடந்தால் மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும், காசில்லாமல், தமிழிலேயே பேசுவார்கள்.